இந்த முறை யோசிக்க நேரம் இருக்கிறது



இந்தப் பக்கத்தில் வழக்கமாக வாழ்வாதார உதவி, பிள்ளைகளின் படிப்பு, காணி உறுதி, மனப்பாரம் போன்ற விடயங்களைப் பேசுவோம். இம்முறை பேசப்போவது கொஞ்சம் கூச்சமான விடயம். மலம் கழிப்பது பற்றியது. முகாமில் மலசலகூட வரிசையில் நின்று, பற்றை மறைவு தேடி, இருட்டும்வரை அடக்கி வைத்திருந்த அனுபவம் உங்களில் பலருக்கு உண்டு. ஆகவே முகம் சுளிக்காமல் வாசிப்பீர்கள் என்று நம்புகிறேன்.

ஒருநாள் காலை பத்து மணிக்கு என்னைச் சந்திக்க வருவதாகச் சொன்ன அக்கா ஒருவர் வரவில்லை. மதியம் தொலைபேசியில் அழைத்து, "மிஸ், நான் பாதி வழியிலை திரும்பி வீட்டை வந்திட்டன்" என்றார். குரல் உடைந்திருந்தது. கொட்டாஞ்சேனையிலிருந்து களனிக்கு அவ்வளவு தூரமில்லை. ஆனால் அன்று களனிப் பாலத்தடியில் வாகன நெரிசல். பஸ் நின்ற இடத்திலேயே நின்றது. அவரால் அடக்க முடியவில்லை. பஸ்ஸுக்குள்ளேயே உடுப்பு நனைந்துவிட்டது. பக்கத்தில் இருந்த பெண் எழுந்து தள்ளிப்போய் நின்றாராம். இவர் இறங்கி, சேலைத் தலைப்பால் மறைத்துக்கொண்டு, ஒரு த்ரீவீலர் பிடித்து, சீற்றில் பத்திரிகைத் தாளை விரித்து உட்கார்ந்து வீடு திரும்பியிருக்கிறார்.

"செல் விழேக்கை கூட நான் இப்பிடி வெக்கப்படேல்லை மிஸ்" என்றார்.

அவரைப் பற்றி எழுத அவரிடமே அனுமதி கேட்டேன். "என்னை மாதிரி இன்னொருத்தி எங்கேயாவது இருப்பாள். அவளுக்கு உதவும் எண்டால் எழுதுங்கோ. பேரை மட்டும் போடாதேங்கோ" என்றார். அப்படியே செய்கிறேன்.

நோய் வந்த கதை

அக்காவின் ஊர் முல்லைத்தீவுப் பக்கம். 2009இல் கணவரைப் பிரிந்தவர். அவர் எங்கே என்று இன்றுவரை தெரியாது. கைக்குழந்தையாக இருந்த மகளுடன் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் இருந்தபோது இரத்தமும் சளியுமாக வயிற்றால் போகத் தொடங்கியது. முகாமில் எல்லோருக்கும் வயிற்றோட்டம். அதனால் அவரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. முகாமை விட்டு வந்த பிறகும் அது நிற்கவில்லை. தமக்கையின் வீட்டுக்குக் கொழும்புக்கு வந்து, 2011இல் குடலுக்குள் கமரா விட்டுப் பார்த்த பிறகே நோயின் பெயர் தெரிந்தது. அல்சரேற்றிவ் கொலைற்றிஸ். பெருங்குடலின் உட்தோல் அழன்று புண்ணாகி இரத்தம் கசியும் நீண்டகால நோய் இது.

இது தொற்றுநோய் அல்ல. அழுக்கான சாப்பாட்டால் வருவதும் அல்ல. கிருமிகளை எதிர்க்க வேண்டிய உடலின் காவல் சக்தி, குடலையே எதிரியாக நினைத்துத் தாக்குவதால் வருவது. "பயத்தாலும் கவலையாலும் வந்ததோ?" என்று அக்கா கேட்டார். மன அழுத்தம் இந்த நோயைக் கிளறிவிடக்கூடும். ஆனால் அதுதான் காரணம் என்று சொல்ல முடியாது. 2010இல் வெளியான ஆய்வு ஒன்று, கொழும்பு, கம்பஹா மாவட்டங்களில் 1 இலட்சம் பேருக்கு 5.3 பேர் என்ற அளவில் இந்த நோய் இருப்பதாகக் கணக்கிட்டது. ஊரில் இதே நோயுள்ள இன்னொருவரைக் கண்டு பேசுவது அரிது என்பது இதிலிருந்து விளங்கும். தனிமைதான் இந்த நோயின் பாதிப் பாரம்.

மருந்துகளால் கட்டுப்படாதபோது பெருங்குடலை எடுத்துவிடுவார்கள். அக்காவுக்கு 2014இல் அதுதான் நடந்தது.

பவுச் என்றால் என்ன?

பெருங்குடலையும் மலக்குடலையும் எடுத்துவிட்டால் மலம் சேர்ந்திருக்க இடமில்லை. முன்பெல்லாம் சிறுகுடலின் முனையை வயிற்றுத் தோலுக்கு வெளியே கொண்டுவந்து, அதன்மேல் ஒரு பையை ஒட்டிவிடுவார்கள். அதை இலியோஸ்டமி என்பார்கள். லண்டன் சென். மார்க்ஸ் வைத்தியசாலையின் சேர் அலன் பார்க்ஸும் ஜோன் நிக்கல்ஸும் 1978இல் வேறொரு வழியை வெளியிட்டார்கள். சிறுகுடலின் கடைசிப் பகுதியை மடித்துத் தைத்து உடலுக்குள்ளேயே ஒரு பையாக்கி, அதை மலவாசலுடன் இணைக்கும் முறை அது. 1980இல் ஜப்பானிய சத்திரசிகிச்சை நிபுணர் ஜோஜி உற்சுனோமியா அந்த மடிப்பை ஆங்கில ஜே எழுத்தின் வடிவத்தில் எளிமையாக்கினார். அதனால்தான் ஜே-பவுச் என்ற பெயர்.

இலங்கைக்கும் இது புதிய விடயம் அல்ல. களனிப் பல்கலைக்கழகத்தின் மருத்துவபீடம் றாகமயில் இருப்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அங்கே மருத்துவப் பேராசிரியராக இருந்த ஜனக டி சில்வா, ஒக்ஸ்போர்ட்டில் இந்தப் பவுச்சின் உட்தோலில் ஏற்படும் மாற்றங்களை ஆராய்ந்து 1991இல் கட்டுரைகள் வெளியிட்டவர். அங்கேயே சத்திரசிகிச்சைப் பேராசிரியராக இருந்த கெமால் டீன், இங்கிலாந்தின் பர்மிங்காமில் இதே சத்திரசிகிச்சையை ஆராய்ந்தவர். "எங்கடை நாட்டிலை இதை ஆருக்குத் தெரியும்?" என்று நினைத்து யாரும் மனம் தளர வேண்டாம் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

பவுச் நன்றாக வேலை செய்தாலும் அது பழைய குடல் ஆகாது. நாளுக்கு ஐந்தாறு தடவை போகவேண்டும். இரவில் ஒருமுறை எழும்ப நேரலாம். அக்காவுக்கு எட்டு வருடங்கள் அப்படித்தான் போனது. தையல் வேலை செய்தார். மகளைப் படிப்பித்தார். 2022இல் இருந்து நிலைமை மாறியது. பகலில் பதினான்கு, பதினைந்து தடவை. இரவில் நான்கு தடவை. படுக்கையில் கசிவு. அடிக்கடி காய்ச்சல். அவர் இருப்பது கொட்டாஞ்சேனையில் ஒரு தோட்டத்து வீட்டில். மூன்று குடும்பங்களுக்கு ஒரு மலசலகூடம். மற்றதை நான் சொல்லத் தேவையில்லை.

கிளினிக்கில் அவருக்கு இரண்டு வழிகள் சொன்னார்கள். ஒன்று, திரும்பவும் சத்திரசிகிச்சை செய்து பவுச்சைத் திருத்துவது அல்லது புதிதாகச் செய்வது. மற்றது, பவுச்சைக் கைவிட்டு நிரந்தரமாக வயிற்றில் பை வைத்துக்கொள்வது.

அன்றிரவே வீட்டில் வாதம் தொடங்கிவிட்டது. "பெட்டைக்குக் கலியாணம் பேசேக்கை தாய்க்கு வயித்திலை பை எண்டு தெரிஞ்சால் என்ன செய்யிறது? நீ ஒப்பரேசனைச் செய்" என்றார் தமக்கை. வெளிநாட்டிலிருந்து அண்ணன் தொலைபேசியில், "திருப்பித் திருப்பி வெட்டுறது ஆபத்து, பேசாமல் பையைப் போடு" என்றார். இரவில் தாயின் படுக்கை விரிப்புகளைத் தோய்த்துப் போடுகிற மகள் ஒன்றும் சொல்லவில்லை. அவளிடம் யாரும் கேட்கவுமில்லை.

முதலில் கேட்க வேண்டியது: ஏன் பழுதானது?

என்னிடம் வரும்போது அக்காவின் கேள்வி, "எதைச் செய்யிறது?" என்பதாக இருந்தது. அதற்கு முன் இன்னொரு கேள்வி இருக்கிறது. பவுச் ஏன் பழுதானது? அதற்குப் பதில் தெரியாமல் எந்த முடிவும் எடுக்கக்கூடாது. வைத்தியர்களிடம் கேட்டும் வாசித்தும் நான் விளங்கிக்கொண்டதை எளிமையாகத் தருகிறேன்.

பவுச்சில் அழற்சி வருவது மிகச் சாதாரணம். இந்த நோய்க்காகப் பவுச் செய்தவர்களில் பாதிப் பேரளவில் ஒரு தடவையாவது அது வரும். பெரும்பாலும் இரண்டு வாரமளவில் அன்ரிபயோட்டிக் மாத்திரை எடுத்தால் அடங்கிவிடும். இதற்காக யாரும் கத்தியை எடுப்பதில்லை. மலவாசலுக்கு மேலே விடப்பட்ட சிறு வளையம் போன்ற பழைய தோலில் புண் வந்தால், உள்ளே வைக்கும் மருந்தால் பார்ப்பார்கள். இணைப்பு இறுகி ஒடுங்கியிருந்தால் விரித்துவிடலாம்.

சிலருக்கு முதலில் கொலைற்றிஸ் என்று நினைத்த நோய், பிறகு குரோன்ஸ் என்ற வேறு நோயாக இருப்பது தெரியவரும். அது சிறுகுடலையும் தாக்கும் என்பதால் புதிய பவுச்சும் கெட்டுப்போகும் வாய்ப்புக் கூட. எங்கள் நாடுகளில் குடல் காசநோயும் பார்வைக்கு குரோன்ஸ் போலவே இருக்கும். ஆகவே காசநோய் இல்லை என்பதையும் உறுதிப்படுத்த வேண்டும்.

இன்னொரு காரணம் பெண்களுக்கே உரியது. பிரசவத்தில் மலவாசல் தசை கிழிந்து, சரியாகத் தைக்கப்படாமல் விட்டிருந்தால், வயது போகப்போக அடக்கும் சக்தி குறையும். குண்டு விழும் நாட்களில் தகுந்த வசதியில்லாமல் பிள்ளை பெற்றவர்கள் எங்களில் எத்தனை பேர்! தசை பலவீனம்தான் காரணம் என்றால், எத்தனை புதிய பவுச் செய்தாலும் கசிவு நிற்காது. கூச்சப்பட்டு இதை மறைக்காமல் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

கடைசியாக, பவுச்சின் அமைப்பில் உள்ள பழுது. இணைப்பில் ஏற்பட்ட சிறு கசிவு ஆறாமல் பின்பக்கம் சீழ் கட்டுவது, பவுச் முறுகிப்போவது, மிகச் சிறிதாக அமைந்துவிடுவது போன்றவை. திரும்பச் செய்யும் சத்திரசிகிச்சையால் அதிகம் பலன் கிடைப்பது இப்படிப்பட்டவர்களுக்குத்தான்.

அக்காவுக்கு கமரா விட்டுப் பார்த்து, தசைத்துண்டு எடுத்துச் சோதித்து, எம்.ஆர்.ஐ. படமும் எடுத்தார்கள். குரோன்ஸ் இல்லை. காசநோயும் இல்லை. தசைகள் பரவாயில்லை. பவுச்சுக்குப் பின்னால் ஆறாத பழைய கசிவு இருந்தது. ஆகவே இரண்டு வழிகளும் அவருக்கு உண்மையாகவே திறந்திருந்தன. அதனால்தான் முடிவு கஷ்டமானது.

இரண்டு வழிகளும் எப்படிப்பட்டவை?

பவுச்சைத் திரும்பச் செய்வது ஒரே நாளில் முடிகிற காரியம் அல்ல. வழக்கமாக மூன்று கட்டம். முதலில் மலத்தை வெளியே திருப்பித் தற்காலிகமாக வயிற்றில் பை வைப்பார்கள். உள்ளே உள்ள அழற்சி ஆற ஆறு மாதமளவில் விடுவார்கள். பிறகு பெரிய சத்திரசிகிச்சை. பழைய பவுச்சைப் பிரித்தெடுத்துத் திருத்துவார்கள் அல்லது அதை எடுத்துவிட்டுப் புதியது செய்வார்கள். அதற்குப் பிறகும் சில மாதங்கள் பையுடன் இருந்து, மூன்றாம் தடவை அதை மூடுவார்கள். எல்லாமாக ஒரு வருடம் அல்லது அதற்கு மேல்.

முன்பு வெட்டிய இடத்திலேயே வெட்டுவதால் சீழ் பிடித்தல், குடல் அடைப்பு, சிறுநீர்ப்பைக்கும் தாம்பத்திய உறவுக்கும் உரிய நரம்புகள் பாதிக்கப்படுதல் போன்ற ஆபத்துகள் உண்டு. பிள்ளை பெறும் எண்ணம் உள்ளவர்கள், இடுப்புக்குள் செய்யும் இந்தச் சத்திரசிகிச்சைகளின் பின் கருத்தரிப்பது கடினமாகலாம் என்பதையும் தெரிந்திருக்க வேண்டும். புதிய பவுச் செய்தால் இன்னும் கொஞ்சம் சிறுகுடல் செலவாகும்.

ஆனால் பலன் இல்லாமல் இல்லை. அமெரிக்காவின் கிளீவ்லாண்ட் கிளினிக்கில் இப்படித் திரும்பச் செய்துகொண்ட 500க்கும் மேற்பட்டவர்களின் விபரம் 2015இல் வெளியானது. 10 வருடங்களின் பின்னும் ஏறத்தாழ 80 வீதமானோரிடம் பவுச் நிலைத்திருந்தது. இரண்டு விடயங்களை இதோடு சேர்த்து நினைக்க வேண்டும். அது இந்த வேலையை மிக அதிகமாகச் செய்து பழகிய இடம். அடுத்தது, பவுச் நிலைத்திருப்பது என்றால் நாளுக்கு ஒரு தடவை போவது என்று அர்த்தமில்லை. ஐந்தாறு தடவை, சில வேளை அதற்கு மேலும், இரவில் பாட் என்பதும் அதற்குள் அடங்கும்.

நிரந்தரமாகப் பை வைப்பதிலும் வசதி உண்டு, கஷ்டமும் உண்டு. ஓடிப்போக வேண்டியதில்லை. பையை நாளுக்கு நான்கு முதல் ஆறு தடவை வெற்றாக்கினால் போதும். சில நாட்களுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். ஆனால் சுற்றியுள்ள தோல் புண்ணாகலாம். குடல் பக்கவாட்டில் பிதுங்கலாம். உடம்பிலிருந்து நீரும் உப்பும் கூடுதலாக வெளியேறும். வேண்டாத பவுச்சை உள்ளேயே விட்டால் சளி வடியும், இடைக்கிடை கமராவால் பார்க்க வேண்டும். எடுத்துவிட்டால் அதுவும் ஒரு பெரிய சத்திரசிகிச்சை, பின்பக்கக் காயம் ஆற மாதங்கள் செல்லலாம். பைகள் வெளிநாட்டிலிருந்து வருபவை, விலை கூடியவை. அரசாங்க வைத்தியசாலையில் சத்திரசிகிச்சை இலவசம். ஆனால் பைச் செலவு மாதாமாதம் வரும்.

நான் செய்த பிழை

இதையும் சொல்லத்தான் வேண்டும். அக்காவுக்குச் சிங்களம் விளங்காது. 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்தின்படி தமிழும் அரசகரும மொழி. ஆனால் கிளினிக் நெரிசலில் மொழிபெயர்ப்பாளர் எப்போதும் பக்கத்தில் இருப்பதில்லை. ஆகவே நானே போனேன்.

வைத்தியர், "நிரந்தரமான பையும் ஒரு நல்ல வழி" என்றுதான் சொன்னார். அதை நான் தமிழில் சொல்லும்போது, "அக்கா, அப்பிடி இல்லாட்டி வாழ்நாள் முழுக்கப் பையோடைதான் இருக்க வேணுமாம்" என்று பெருமூச்சோடு சொல்லிவிட்டேன். அக்கா அழத் தொடங்கினார். வைத்தியர் திகைத்துப்போய் என்னைப் பார்த்தார். அவர் சொன்ன செய்தி வேறு. அதற்குள் நான் போட்டது என்னுடைய பயம்.

வெளியே வந்து வாங்கில் இருந்தபோது அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன். மொழிபெயர்க்கப் போகிறவர்கள், அது மகளாக இருந்தாலும் மருமகளாக இருந்தாலும் என்னைப் போன்ற சமூக சேவகியாக இருந்தாலும், தங்கள் முகத்தைக்கூடக் கவனிக்க வேண்டும். முடிவெடுக்க வேண்டியவர் எங்களுடைய முகத்தைத்தான் வாசிக்கிறார்.

கொப்பியில் எழுதியவை

அடுத்த கிளினிக்குக்கு முன் இரண்டு வாரங்கள் ஒரு கொப்பியில் எழுதிவரும்படி அக்காவிடம் சொன்னேன். எத்தனை தடவை போனது, இரவில் எத்தனை, கசிவு, நோ, காய்ச்சல், சாப்பாடு. இவற்றோடு ஒரு நிரலைக் கூடுதலாகக் கீறிக் கொடுத்தேன். "இன்று போகாமல் விட்டது" என்று அதற்குத் தலைப்பு.

இரண்டு வாரம் கழித்துக் கொண்டுவந்தார். எண்கள் எதிர்பார்த்ததுதான். கடைசி நிரலைத்தான் நான் இரண்டு தடவை வாசித்தேன். மகளின் பள்ளிக்கூடப் பெற்றோர் கூட்டம். கொச்சிக்கடை அந்தோனியார் கோயில். பக்கத்து வீட்டுக் கலியாணம். தையல் உடுப்புக் கொடுக்கப் புறக்கோட்டை. ஒரு நாள், "சாப்பாடு" என்று எழுதியிருந்தது. வெளியில் போக வேண்டியிருந்ததால் முதல் நாள் இரவிலிருந்தே சாப்பிடவில்லையாம்.

பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தபோது, ஏர்விங் கொஃப்மன் என்ற அறிஞர் சமூகக் களங்கம் பற்றி 1963இல் எழுதிய நூலைப் பரீட்சைக்காக வாசித்தேன். வயிற்றில் குடல்வாயில் வைத்தவர்களைப் பற்றியும் அதில் வருகிறது. ஒரு மனுசி தன் உலகத்தை எப்படி வீட்டுக்கும் மலசலகூடத்துக்கும் இடையில் சுருக்கிக்கொள்கிறாள் என்பதை அந்தக் கொப்பியில்தான் கண்டேன்.

"அக்கா, பவுச், பை எல்லாத்தையும் கொஞ்சம் மறவுங்கோ. உடம்பு உங்களுக்கு ஒரு முழு நாள் தந்தால் என்ன செய்வீங்கள்?" என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடங்கி, வவுனியா, முல்லைத்தீவு என்று காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் வீதியோரத்தில் பந்தல் போட்டு இருந்தார்கள் அல்லவா? அக்கா அந்தப் பந்தலுக்கு ஆரம்பத்தில் சில தடவை போயிருக்கிறார். பவுச் பழுதான பிறகு அந்தத் தாய்மாரோடு ஒரு நிகழ்வில்கூட இருக்கவில்லை.

"அவற்றை படத்தை மடியிலை வைச்சுக்கொண்டு, காலமை இருந்து பின்னேரம் வரைக்கும் அதுகளோடை இருக்க வேணும் மிஸ். எழும்பி ஓடாமல்."

தமக்கையின் கேள்வியிலும் அண்ணனின் கேள்வியிலும் இது இருக்கவில்லை.

முதல் படி இரண்டுக்கும் ஒன்றுதான்

அந்தக் கொப்பியோடு கிளினிக்குக்குப் போனோம். வைத்தியர் அதை ஆறுதலாகப் பார்த்தார். பிறகு அவர் சொன்னது எங்கள் இருவரின் தலைப்பாரத்தையும் இறக்கிவைத்தது. எந்த வழியில் போனாலும் அக்காவுக்கு முதல் படி ஒன்றே. மலத்தை வெளியே திருப்பிப் பை வைப்பது. பவுச்சைத் திரும்பச் செய்வதானாலும் முதலில் அதுதான். நிரந்தரப் பை என்றாலும் தொடக்கம் அதுதான். அந்த ஆறு மாதத்தில் உள்ளே காயம் ஆறும். அவரும் பையோடு வாழ்ந்து பார்க்கலாம். அதற்குப் பிறகு முடிவு சொல்லலாம்.

சகோதரிகளே, எங்கள் பெண்கள் எத்தனை முடிவுகளை ஒரு நிமிடத்தில் எடுத்திருக்கிறார்கள்! எந்தப் பக்கம் ஓடுவது, எதைத் தூக்குவது, எதை விட்டுவிட்டுப் போவது. யோசிக்க நேரமிருக்கவில்லை. அந்தப் பழக்கம் இன்னும் உடம்பில் இருக்கிறது. யாராவது "கெதியா சொல்லு" என்றால் உடனே ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். பிறகு இரவெல்லாம் விழித்திருக்கிறோம். இந்த முடிவு அப்படிப்பட்டதல்ல. காய்ச்சல் கடுமையாகி, வயிறு வீங்கி, தாங்க முடியாத நோ அல்லது அதிக இரத்தப்போக்கு இருந்தால் உடனே வைத்தியசாலைக்கு ஓட வேண்டும். அது இல்லாதவரை யோசிக்க நேரம் இருக்கிறது. இரண்டாவது வைத்தியரிடம் கேட்பதும் குற்றமல்ல.

அக்காவுக்கு அந்த முதற்படி முடிந்து நான்கு மாதமாகிறது. சத்திரசிகிச்சைக்கு முதல்நாள் அவரை நிற்கவும் இருக்கவும் குனியவும் சொல்லி, சேலைக்கட்டு வரும் இடத்தைப் பார்த்து, அதில் படாதவாறு வயிற்றில் அடையாளமிட்டார்கள். இது முக்கியம். அடையாளமிடும்போது நீங்கள் வழக்கமாக உடுப்பது பாவாடையா, சேலையா, எந்த உயரத்தில் கட்டுவீர்கள் என்று சொல்லுங்கள்.

முதல் மாதம் கஷ்டம்தான். பை இரண்டு தடவை கழன்றது. தோல் எரிந்தது. தலைசுற்று வந்தது. நீரும் உப்பும் குறைந்ததால் வந்த தலைசுற்று அது. ஜீவனி கரைத்துக் குடிக்கவும், கஞ்சிக்கு உப்புப் போட்டுக் குடிக்கவும் தாதி சொன்னார். உப்புக் கஞ்சி என்றதும் அக்காவின் முகம் மாறியது. முள்ளிவாய்க்காலில் இருந்த கடைசி நாட்களின் சாப்பாடு அது. "அப்ப உயிரைக் காப்பாத்தினது. இப்பவும் அதுதானாக்கும்" என்று சொல்லிக் குடித்தார்.

பையை மாற்ற மகள்தான் முதலில் பழகினாள். தாய்க்குப் பழக்கியதும் அவளே. "அம்மா, இப்ப நான் இரவிலை நித்திரை கொள்ளுறன்" என்று ஒருநாள் சொன்னாளாம். இவ்வளவு காலமும் அவள் நித்திரை கொள்ளாமல் இருந்தது அப்போதுதான் அக்காவுக்கு உறைத்தது. கலியாணப் பேச்சைப் பற்றித் தமக்கை திரும்பவும் எடுத்தபோது, "பை வைச்ச தாயைப் பார்த்துப் பயப்பிடுற மாப்பிளை எனக்கு வேண்டாம் பெரியம்மா" என்று முடித்துவிட்டாள்.

மே மாதம் அக்கா முல்லைத்தீவுக்குப் போய்வந்தார். இரவு பஸ். இரண்டு தடவை பையை வெற்றாக்கினாராம். அந்தத் தாய்மாரோடு படத்தை மடியில் வைத்துக்கொண்டு காலையிலிருந்து பின்னேரம்வரை இருந்திருக்கிறார்.

"அப்ப பையோடையே இருக்கிறதெண்டு முடிவெடுத்தாச்சோ?" என்று நான் கேட்டேன். கேட்டிருக்கக்கூடாது. அக்கா சிரித்தார். "இன்னும் இரண்டு மாசம் கிடக்கு மிஸ். குளிக்கேக்கை இதைப் பார்க்க இப்பவும் மனம் ஒரு மாதிரித்தான் கிடக்கு. எனக்கும் ஆசை இருக்குத்தானே, பழையபடி இருக்க. யோசிச்சுச் சொல்லுறன்."

வைத்தியரிடம் கேட்க வேண்டியவை

இந்த நிலையில் இருப்பவர்கள் இந்தப் பக்கத்தை வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கேள்விக்கும் வரும் பதிலை எழுதியெடுங்கள்.

1. என்னுடைய பவுச் பழுதானதற்குக் காரணம் என்ன? அது எந்தச் சோதனையில் தெரிந்தது?

2. குரோன்ஸ், காசநோய் இரண்டும் இல்லை என்பது உறுதியா?

3. மலவாசல் தசைகள் எந்த நிலையில் இருக்கின்றன?

4. சத்திரசிகிச்சை இல்லாமல் செய்யக்கூடியது இன்னும் ஏதாவது இருக்கிறதா?

5. பவுச்சைத் திரும்பச் செய்யும் சத்திரசிகிச்சையை நீங்கள் எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள்? இதைக் கேட்பது மரியாதைக் குறைவல்ல. அனுபவம் கூடிய இடத்துக்கு அனுப்பும்படியும் கேட்கலாம்.

6. திரும்பச் செய்தும் சரிவராவிட்டால் அடுத்தது என்ன? எவ்வளவு சிறுகுடல் மிஞ்சும்?

7. பிள்ளை பெறுவதும் தாம்பத்திய உறவும் எப்படிப் பாதிக்கப்படும்? விதவைதானே, தனியாகத்தானே இருக்கிறாய் என்று யாரும் இந்தக் கேள்வியை உங்களுக்காகத் தள்ளிவைக்க விடாதீர்கள்.

8. பைகள் மாதத்துக்கு எத்தனை தேவை? வைத்தியசாலையில் எத்தனை கிடைக்கும்? மிகுதிக்கு என்ன உதவி உண்டு என்று பிரதேச செயலகச் சமூகசேவை உத்தியோகத்தரிடமும் விசாரியுங்கள்.

ஏற்கெனவே பை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பைக்குள் ஒன்றும் வராமல் வயிற்று நோவும் சத்தியும் வந்தால், அல்லது நீராகக் கொட்டித் தலைசுற்றிச் சிறுநீர் குறைந்தால், அல்லது வெளியே தெரியும் குடலின் சிவப்பு மாறிக் கறுத்தால், விடியும்வரை பார்த்திருக்காமல் உடனே வைத்தியசாலைக்குப் போங்கள்.

நான் வைத்தியர் அல்ல. இங்கே எழுதியது உங்கள் வைத்தியரோடு பேசுவதற்கான ஒரு துணை மட்டுமே.

அடுத்த கிளினிக்குக்கும் அக்காவோடு நான் போகிறேன். அவர் எந்த முடிவைச் சொன்னாலும் அதை அப்படியே சிங்களத்தில் சொல்லுவதுதான் என் வேலை. இம்முறை பெருமூச்சு விடமாட்டேன் என்று அக்காவுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

உங்களில் யாராவது பவுச்சோடோ பையோடோ வாழ்பவராக இருந்தால், பெயர் போடாமல் எங்களுக்கு எழுதுங்கள். அக்கா வாசிக்கக் காத்திருக்கிறார்.

அடுத்த இதழில் சந்திப்போம்.